காற்றை அளக்கும் கம்பி

தோல் பதனிடும் தொழிலால் அறியப்பட்ட பேரணாம்பட்டிலும், தமிழகத்தின் பிற ஊர்களைப் போலவே, கார்புரேட்டரின் திருகைத் திருப்பி, எஞ்சினின் ஒலியைக் கேட்டே பெட்ரோலையும் காற்றையும் சமன்செய்வது மெக்கானிக்கின் பெருந்திறனாக இருந்தது. அந்தச் செவித்திறனை ஒரு மெல்லிய பிளாட்டினக் கம்பி இடம்பெயர்த்த வரலாறு ஜெர்மனியில் தொடங்குகிறது. பாஷ் நிறுவனம் 1970களில் காற்று தள்ளும் மடலைக் கொண்டும், 1980களில் சூடேற்றிய கம்பியைக் கொண்டும் காற்றை அளந்தது. கடந்துசெல்லும் காற்று கம்பியைக் குளிர்விக்க, அதன் வெப்பநிலையைக் காக்கத் தேவைப்படும் மின்னோட்டமே காற்றின் நிறையைக் காட்டியது.

இந்தியாவில் 2000 முதல் படிப்படியாக இறுகி, 2017இல் நாடெங்கும் நான்காம் நிலையையும் 2020இல் ஆறாம் நிலையையும் எட்டிய பாரத் புகை விதிகள், இத்தகைய உணரிகளைச் சிற்றூர்ப் பட்டறைக்கும் கொண்டுவந்தன. பல சிறிய பெட்ரோல் கார்கள் காற்று உட்செல்லும் குழாயின் அழுத்தத்தை மட்டுமே அளப்பதால், இந்த உணரியை டீசல் வண்டிகளிலேயே மிகுதியாகக் காணலாம்.

காற்று வடிகட்டிப் பெட்டியை அடுத்த குழாயில் அது அமர்ந்திருக்கும். எஞ்சின் வேகம் கூடும்போது அதன் சமிக்ஞை சீராக மாறுகிறதா என்று மல்டிமீட்டராலோ ஸ்கேனராலோ சோதிக்கின்றனர். தூசியும் எண்ணெய்ப் படலமும் கம்பியில் படிந்தால் அளவு பிழைக்கும் என்பதால், முதலில் அதற்கென உள்ள திரவத்தைத் தெளித்துத் தூய்மை செய்வதே முறை. அதன்பின்னும் தேறாவிடில், மேலே பொறித்த அம்புக்குறி எஞ்சினை நோக்கியிருக்குமாறு புதியது பொருத்தப்படுகிறது.