டப்ளின் மைதானமும் திருகோணமலைத் துறைமுகமும்: ஆதர் வெல்லெஸ்லி பற்றிய ஒரு குறிப்பு

திருகோணமலைப் பிரடெரிக் கோட்டையினுள் வெலிங்டனின் பெயரால் வழங்கும் பழைய இல்லம் ஒன்று உண்டு. பின்னாளில் வெலிங்டன் கோமகன் எனப் புகழ்பெற்ற ஆதர் வெல்லெஸ்லி அங்கு நோயுற்றுத் தங்கியமையால் தாம் செல்லவிருந்த கப்பலைத் தவறவிட்டார் என்றும், அக்கப்பல் மூழ்கிற்று என்றும், ஆகவே 1815 இல் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற தளபதியைக் காத்தளித்தது திருகோணமலையே என்றும் ஒரு கதை வழங்கிவருகின்றது. அவ்வெற்றி ஈட்டன் பள்ளியின் விளையாட்டு மைதானங்களிலேயே ஈட்டப்பட்டது என அவர் கூறியதாக ஆங்கிலேயரிடையே மற்றொரு கதை உண்டு. ஒன்று தற்செயலையும் மற்றையது தனிமனிதப் பண்பையும் வரலாற்றின் காரணிகளாக்குகின்றன. இரண்டும் மறைப்பது ஒன்றையே என்பது எமது துணிபு.

ஈட்டன் கதையை முதலில் நோக்குவோம். 1769 இல் அயர்லாந்தின் ஆங்கில நிலவுடைமைக் குடும்பமொன்றிற் பிறந்த ஆதர், ஈட்டனிற் சிறப்புற்றவரல்லர். 1784 இல் அங்கிருந்து நிறுத்தப்பட்டார். அவர் கூற்றாக வழங்குவதும் 1852 இல் அவர் மறைந்த பின்னரே அச்சேறியது. ஆயினும் அவர் துடுப்பாட்டம் ஆடியதுண்டு. 1792 ஆகஸ்டில் டப்ளின் நகரின் பீனிக்ஸ் பூங்காவில், நகரக் காவற்படையினருக்கும் அனைத்து அயர்லாந்து அணியினருக்கும் இடையே நடைபெற்ற போட்டியே அயர்லாந்தின் பதிவுபெற்ற முதலாவது துடுப்பாட்டப் போட்டியெனக் கருதப்படுகின்றது. அதில் ஆடியோருள் வெஸ்லி என்ற அக்காலக் குடும்பப் பெயருடன் ஆதரும் ஒருவர்.

அம்மைதானத்தில் அவருடன் நின்றோர் யாவர் என்பதே மனங்கொள்ளத்தக்கது. காவற்படை அணியின் தலைவர் சார்ள்ஸ் லெனொக்ஸ், பின்னர் ரிச்மண்ட் கோமகனாகிக் கனடாவின் ஆட்சித் தலைமையை ஏற்றவர். மற்றொருவர், அயர்லாந்தின் தலைமைச் செயலாளராயிருந்த மேஜர் ரொபர்ட் ஹோபார்ட். இவரே 1794 இற் சென்னையின் தேசாதிபதியானவர். பூங்காவில் நிகழ்ந்தது விளையாட்டு மட்டுமன்று. பதவிகளைத் தம்முட் பகிர்ந்துகொண்ட ஒரு வர்க்கத்தின் கூடுகையும் அதுவேயாம். படைத்துறைப் பதவிகள் விலைக்கு வாங்கப்பட்ட அக்காலத்தில், ஆதர் 1793 இல் லெப்டினன்ட் கேணல் நிலையை அடைந்தது தமையனார் ரிச்சர்ட் கடனாகக் கொடுத்த பணத்தினாலாகும். அத்தமையனாரே 1798 இல் இந்தியாவின் தலைமைத் தேசாதிபதியானார்.

இனித் திருகோணமலைக்கு வருவோம். 1795 ஆகஸ்டில் ஒல்லாந்தரிடமிருந்து இத்துறைமுகத்தைக் கைப்பற்றிய படை, ஹோபார்ட்டின் ஆட்சிக்காலத்திற் சென்னையிலிருந்து அனுப்பப்பட்டதே. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்திற் சோழமண்டலக் கரையிற் கப்பல்களுக்குப் புகலிடமில்லை. எனவே வங்காள விரிகுடாவின் ஆதிக்கம் இத்துறைமுகத்தைச் சார்ந்திருந்தது. படையைத் தொடர்ந்து சென்னையின் வரி அதிகாரிகளும் வந்தனர். தென்னை மரத்திற்கும் வரி விதிக்கப்பட்டது. 1797 இல் இலங்கையின் கரையோரத்திற் கிளர்ச்சி மூண்டது.

1799 இற் சீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்த பின்னர் அந்நகரின் ஆட்சிப் பொறுப்பை ஏற்றிருந்த ஆதர், 1800 டிசம்பரில் திருகோணமலைக்கு வந்தார். பிரெஞ்சு மொரீசியசையோ ஒல்லாந்தரின் பத்தாவியாவையோ தாக்குதற்காக இங்கு திரட்டப்பட்ட படைக்கு அவரே தளபதி. இலக்கு எகிப்தென மாறவே, 1801 பெப்ரவரியிற் படையுடன் பம்பாய்க்குப் புறப்பட்டார். தலைமை டேவிட் பெயர்டுக்கு வழங்கப்பட்டது. ஆதர் நோயுற்றது பம்பாயிலேயாம். அவர் ஏறவிருந்து பின்னர் செங்கடற் பயணத்தில் அழிந்த 'சுசானா' கப்பலைத் தவறவிட்டதும் அங்கேயே. ஆகவே கோட்டை இல்லத்துக் கதை இடத்தை மாற்றிக் கூறுகின்றது.

எனினும் இடப்பிழையைத் திருத்துவதுடன் ஆய்வாளர் அமைதியுறுதல் தகாது. ஒரு தளபதியின் உயிரைக் காத்தமையே திருகோணமலையின் பெருமையெனின், அத்துறைமுகம் எவரை ஒடுக்குதற்குப் பயன்பட்டது என்ற வினா எழாமற் போகின்றது. 1801 இலேதான் தமிழகத்திற் பாளையக்காரர் போர் நசுக்கப்பட்டு, ஒக்டோபரில் மருது சகோதரர் தூக்கிலிடப்பட்டனர். எதிர்த்தோரும் கம்பனிப் படையிற் சிப்பாய்களாய் நின்றோரும் பெரும்பாலும் ஒரே உழுகுடிச் சமூகங்களிலிருந்து வந்தவர்கள் என்பதே இவ்வரலாற்றின் அவலம்.

திருகோணமலையிலிருந்து சாம்பல்தீவுப் பக்கமாக நிலாவெளிக்குச் செல்லும் வீதியில், இரண்டாம் உலகப் போரில் மாண்டோரின் மயானம் உள்ளது. அங்கு சாதாரண வீரனுக்கும் பெயர் பொறித்த கல்லுண்டு. 1795 இலும் 1801 இலும் இத்துறைமுகத்திற் சுமை தூக்கியோருக்கும், சிப்பாய்களாய் வந்து மடிந்தோருக்கும் அத்தகைய கல் இல்லை. டப்ளின் மைதானத்தில் ஒரு நாள் ஆடியவர்களின் பெயர்களை இருநூறாண்டுகளுக்கும் மேலாகப் பேணிவந்துள்ளது ஆளும் வர்க்கத்தின் ஏடு. துறைமுகத்தில் உழைத்தவர்களின் பெயர்களைக் கணக்கேடுகளிலும் வாய்மொழி வழக்குகளிலும் தேடுதல் எமது பல்கலைக்கழகங்கள் மேற்கொள்ளவேண்டிய பணியாகும்.