கிணற்று நீச்சலும் தோளின் திருப்பமும்

சேலம், நாமக்கல் சமவெளியில் பிறந்த நம்மில் பெரும்பாலோருக்கு நீச்சல் கற்பித்த பள்ளி கிணறுதான். முதுகில் சுரைப்புருடையைக் கட்டிக்கொண்டு இறங்கினோம். பிறகு மேட்டிலிருந்து குதித்தோம். அடிமண்ணை அள்ளி வந்து காட்டியவனே முழு நீச்சல்காரன். புறநானூற்றின் 243ஆம் பாட்டில் தொடித்தலை விழுத்தண்டினார் காட்டும் முதியவரும், மருதக்கிளையிலிருந்து மடுவில் பாய்ந்து மணல் முகந்த தம் இளமையை எண்ணித்தான் இரங்குகிறார்.

ஆயினும் கிணறு ஆழத்தைக் கற்பித்த அளவுக்குத் தொலைவைக் கற்பிக்கவில்லை. நான்கு கை போட்டால் எதிர்ச்சுவர் வந்துவிடும். தலையை நிமிர்த்தி, மார்பைப் பலகைபோல் வைத்து, கைவலியால் நீரை அறைவதே அங்குப் போதும். தலை உயர்ந்தால் இடுப்பு தாழும். தாழ்ந்த உடலை நீர் தடுக்கும். ஆற்றின் நடுவே தோள் சோர்ந்துபோவது இதனாலேயே.

இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. தென்னமெரிக்காவில் தாம் கண்டு கற்ற, இரு கைகளையும் மாறிமாறி நீருக்குமேல் வீசும் முறையை ஜான் டிரட்ஜன் 1873இல் இலண்டனில் நீந்திக் காட்டினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாலமன் தீவுகளின் அலிக் விக்காமும் ஆஸ்திரேலியாவின் கேவில் குடும்பத்தாரும் அதனோடு மேலும் கீழுமாக உதைக்கும் காலைச் சேர்த்தனர். 1922இல் 100 மீட்டரை ஒரு நிமிடத்துக்குள் முதன்முதலாகக் கடந்த ஜானி வைஸ்முல்லர்கூடத் தலையையும் மார்பையும் உயர்த்தியே நீந்தினார். பின்னர் அமெரிக்கப் பயிற்சியாளர் ஜேம்ஸ் கவுன்சில்மேன், நீருக்கடியில் எடுத்த படங்களை ஆராய்ந்து, 1968இல் நீச்சலின் அறிவியல் பற்றி ஒரு நூல் எழுதினார். உடல் பக்கவாட்டில் உருள்வது பிழையன்று, தேவையே என்னும் கருத்து இத்தகைய ஆராய்ச்சிகளால் வேரூன்றியது.

அதன் இயக்கம் எளிது. வலக்கை முன்னே நீளும்போது வலத்தோள் தாழ்கிறது; இடத்தோள் நீருக்குமேல் எழுவதால் இடக்கை தடையின்றி முன்வருகிறது. வலக்கை நீரைப் பற்றிப் பின்னுக்கு இழுக்கத் தொடங்கியதும் உடல் மறுபக்கம் திரும்புகிறது. இடுப்பும் தோளும் ஒன்றாய்த் திரும்பினால் முதுகின் பெருந்தசைகளும் கைக்குத் துணைவரும். மூச்சுக்காகத் தலையைத் தூக்கவும் வேண்டா. உடலோடு முகம் திரும்பினாற் போதும். கை முந்தி உடல் பிந்தினாலோ, உடல் முந்திக் கை பிந்தினாலோ சுமை முழுவதும் தோள்மூட்டின் மேலேயே விழும்.

பள்ளிபாளையத்துக்கு அக்கரையான ஈரோட்டைச் சேர்ந்த குற்றாலீசுவரன், 1994இல் பள்ளிச் சிறுவனாகவே பாக் நீரிணையை நீந்திக் கடந்தார். நம் மண்ணுக்குத் தொலைவும் எட்டாததன்று.

இன்றோ ஆழ்துளைக் கிணறுகள் பெருகி, திறந்த கிணறுகள் பல வற்றிக் கிடக்கின்றன. நம் பிள்ளைகள் பழைய நீச்சலையும் அறியார், புதியதையும் அறியார். காவிரி மட்டும் ஆடிதோறும் பெருகி வருகிறது. நீரஞ்சாமையைக் கிணற்றிடமும் தோளின் திருப்பத்தைக் குளத்துப் பயிற்சியிடமும் பெற்று, இரண்டையும் அவர்களுக்குக் கற்பிப்பது நம் கடமை.