ராஜநாயக்கனுக்கு மறுக்கப்பட்ட குருப்பட்டம்

1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்குவை நாம் அறிவோம். ராஜநாயக்கனை எத்தனை பேர் அறிவோம்?

அவர் பறையர். தஞ்சை மன்னரின் படையில் பணியாற்றிய கத்தோலிக்கர். தமிழில் அச்சான புதிய ஏற்பாட்டைப் படித்து, தரங்கம்பாடி லுத்தரன் மிஷனில் சேர்ந்தார். தஞ்சைப் பகுதியில் உபதேசியாராக உழைத்துச் சபையை வளர்த்தார்.

1733-இல் முதல் தமிழ்ப் போதகராகக் குருப்பட்டம் பெற்றவர் ஆரோன், அவர் வேளாளர். ராஜநாயக்கனின் உழைப்பை மிஷனரிகள் மதித்தார்கள். ஆனாலும் பட்டம் தரவில்லை. அவர் கையால் நற்கருணை கொடுத்தால், மேல்சாதிக் கிறிஸ்தவர்களிடம் அந்தத் திருவிருந்தின் மதிப்பே குறைந்துவிடுமாம்!

கடைசிவரை அவர் உபதேசியார்தான்.

டென்னிஸ் ஹட்சன் போன்ற ஆய்வாளர்கள், ஒரே கோவிலுக்குள் சாதிவாரியாகப் பிரித்து உட்காரவைத்த அச்சபையின் வழக்கத்தையும் எழுதியிருக்கிறார்கள். இதை 'அந்தக் காலத்துச் சமரசம்' என்று கடந்துவிட முடியாது. சமரசம் யாரோடு, யாருடைய செலவில் என்று கேட்க வேண்டும். தீண்டாமை பார்த்தவர்கள் பந்தியில் இருந்தார்கள், தண்டனை ராஜநாயக்கனுக்கு.

கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் நிற்கும் ஊர்களில் இன்றும் சொல்லப்படுவது அதே நியாயம்தான்: "சுவரை இடித்தால் சபை உடைந்துவிடும்."

சுவர் எழும்பிய அன்றே சபை உடைந்துவிட்டது.