கறக்கும் கையும் கணக்கு நோட்டும்

மலருக்கு ஆளுக்கொரு தொழிலின் வரலாற்றை எழுதித் தரச் சொன்னாங்க. எனக்குத் தெரிந்தது மாடும் பாலும்தான். அதனால் பாலை அளக்க ஆரம்பித்த கதையையும், அதற்குப் பிறகு பால் பீச்சுகிற கையைக் கணக்குப் பார்க்க ஆரம்பித்த கதையையும் எழுதுகிறேன்.

என் மாமியார் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது வீட்டில் ஒரு எருமையும், உழவுக்கு ஒரு ஜோடி காளையும் இருந்ததாம். நம்ம பக்கத்து ஆலம்பாடி மாடு ஏருக்கும் வண்டிக்கும் பேர் போனது, பாலுக்கு இல்லை. எருமைப் பாலைத் தயிராக்கி வெண்ணெய் எடுப்பாங்க. மோர் கேட்டவங்களுக்குச் சும்மாவே ஊத்துவாங்க. காலையில் எத்தனை படி, சாயங்காலம் எத்தனை படி என்று யாரும் எழுதி வைத்ததில்லை. பால் கூடினால் "கைராசி" என்பாங்க. குறைந்தால் "கண்ணு பட்டிருச்சு" என்பாங்க. அதோடு விசாரணை முடிந்தது.

ஜெர்சி கலப்பு மாடு வந்த பிறகுதான் பால் விற்கிற பொருள் ஆனது. விற்கிற பொருள் என்றால் அளவு வேண்டும். அந்த அளவுக்கு ஒரு பெரிய கதை இருக்கிறது.

வெளிநாட்டிலும் ஒரு காலத்தில் பாலை எடை போட்டுத்தான் காசு கொடுத்தாங்க. தண்ணி கலந்தவருக்கும் அதே காசு, ஏடு எடுத்துவிட்டு ஊத்தினவருக்கும் அதே காசு. நல்ல பால் ஊத்தினவருக்குத்தான் நஷ்டம். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இருந்த ஸ்டீபன் பாப்காக் என்பவர் 1890-ல் பாலில் எவ்வளவு கொழுப்பு இருக்கு என்று பார்க்க ஒரு சுலபமான சோதனையைக் கண்டுபிடித்தார். அதற்கு அவர் காப்புரிமை வாங்கவில்லை, எல்லாரும் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். அதே சமயத்தில் சுவிட்சர்லாந்தில் கெர்பர் என்பவர் இன்னொரு முறையைக் கண்டுபிடித்தார். நம்ம பால் சொசைட்டியில் கண்ணாடிக் குழாயில் ஆசிட் ஊற்றி, பால் ஊற்றி, வைத்துச் சுற்றிக் கொழுப்பு பார்ப்பாங்களே, அது கெர்பர் முறைதான். இப்போது பல இடங்களில் மெஷின் வந்துவிட்டது.

இது பாலை அளந்த கதை. மாட்டை அளந்த கதை டென்மார்க்கில் ஆரம்பித்தது. 1895-ல் வேயென் என்ற ஊரில் விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து, கணக்குப் பார்க்கவே ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைத்தாங்க. அவர் வீடு வீடாகப் போய் ஒவ்வொரு மாட்டுக்கும் எவ்வளவு தீனி, எவ்வளவு பால், எவ்வளவு கொழுப்பு என்று எழுதுவார். எந்த மாடு தின்ற தீனிக்குப் பால் கொடுக்குது, எது கொடுக்கலை என்பது அப்போதுதான் தெரிந்தது. சங்கமாகச் சேர்ந்து, செலவைப் பங்கு போட்டு, நோட்டு வைத்துப் பார்ப்பது நமக்குப் புதுசில்லையே!

நம் நாட்டில் 1946-ல் குஜராத்தில் கைரா மாவட்ட பால் உற்பத்தியாளர் கூட்டுறவு ஒன்றியம் தொடங்கியது. அதுதான் அமுல். 1949-ல் அங்கே போய்ச் சேர்ந்த குரியன் அவர்கள், நமக்குப் பக்கமான கோபிசெட்டிபாளையத்தில் பள்ளிக்கூடம் படித்தவர். 1965-ல் தேசிய பால்வள வாரியம் வந்தது. 1970-ல் வெண்மைப் புரட்சித் திட்டம் வந்தது. தமிழ்நாட்டில் 1958-ல் பால்வளத் துறையும், 1981-ல் இன்றைக்கு ஆவின் என்று நாம் சொல்கிற இணையமும் வந்தன. ஊருக்கு ஊர் சொசைட்டி, இரண்டு வேளையும் அளவு, கொழுப்புக்கு ஏற்ற விலை என்ற வழக்கம் அப்படித்தான் நம்ம ஊர் வரைக்கும் வந்தது.

ஆனால் பால் அட்டை பெரும்பாலும் வீட்டு ஆம்பளைங்க பேரில் இருந்தது. சாணி அள்ளுவது, தட்டு அறுப்பது, சேகோ ஆலையிலிருந்து வரும் கிழங்குத் திப்பியைத் தண்ணியில் கரைத்து வைப்பது எல்லாம் நாம். பட்டுவாடா அன்னைக்குக் கை நீட்டுவது அவங்க. 1986-87-ல் மத்திய அரசு பெண்களுக்கான ஸ்டெப் திட்டம் கொண்டுவந்தது. அதில் மகளிர் பால் சங்கங்களுக்கும் உதவி கிடைத்தது. 1989-ல் தர்மபுரியில் சுய உதவிக் குழுக்கள் ஆரம்பித்தன. 1991-92-ல் சேலம் மாவட்டத்துக்கும் வந்தன. அப்போது நாமக்கல் சேலத்தோடுதான் இருந்தது, 1997-ல்தான் தனி மாவட்டம் ஆனது. குழுக் கடனில் மாடு வாங்கியபோதுதான் நம்மில் பலருக்கு "இது என் மாடு" என்று சொல்ல வாய்த்தது. நானும் அப்படி வாங்கினவள்தான்.

இப்போது என் அனுபவத்துக்கு வருகிறேன். சொசைட்டி பாலைத்தான் அளக்கும். அதைக் கறந்த கை எப்படிக் கறந்தது என்று அதற்குத் தெரியாது. மாமியாருக்கு விரல் மடக்க முடியாமல் போனது. எனக்கு அப்போது கறக்கப் பழக்கமில்லை. வீட்டுக்காரர் ரிக் வண்டிக்குப் போனால் வர மாசக்கணக்காகும். அதனால் ஊரில் பத்து வீட்டுக்குக் கறக்கிற ஒரு அண்ணனை மாசச் சம்பளத்துக்கு வைத்தோம்.

கொஞ்ச நாளில் பால் ஒரு நாள் போல ஒரு நாள் இல்லை. இரண்டு மாட்டிலும் சேர்த்து ஒரு நாள் பத்து லிட்டர், மறுநாள் எட்டரை. கொழுப்பும் குறைந்தது. கடன் தவணை நெருங்குது, எனக்குத் தூக்கமே வரலை. "அவன் கைராசி போயிருச்சு" என்றார் மாமியார். "கன்னுக்குட்டிக்குன்னு மடியில விட்டுட்டு, அப்புறம் வந்து பீச்சிக்கிறானோ என்னவோ" என்றாங்க பக்கத்து வீட்டில். நானும் நம்பிட்டேன். அந்த அண்ணனிடம் முகம் கொடுத்துப் பேசறதையே விட்டுட்டேன்.

குழுக் கூட்டத்தில் இதைச் சொல்லி, வேறு ஆள் யாராவது இருக்காங்களா என்று கேட்டேன். ஊக்குநர் அக்கா சொன்னாங்க: "ஒருத்தி சந்தா கட்டலைன்னு சொல்றதுக்கு முன்னால நோட்டைப் பார்க்கறோமில்ல? மாட்டுக்கும் ஒரு நோட்டுப் போடு அம்மிணி. ஒரு மாசம் பார்த்துட்டு அப்புறம் பேசலாம்."

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கோடு போட்டேன். தேதி, நான் மடி கழுவின நேரம், அவர் உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம், கறந்தது யார், எத்தனை லிட்டர், சொசைட்டியில் என்ன கொழுப்பு என்று தினமும் எழுதினேன். ஒரு மாசம் கழித்துப் பார்த்தபோது எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. நான் விடியற்காலை 5 மணிக்கெல்லாம் மடியைக் கழுவி, மாட்டைத் தயாராக நிறுத்திவிடுவேன். அவர் சில நாள் உடனே வந்திருக்கார். மற்ற வீடுகளில் வேலை இழுத்தால் இருபது நிமிஷம் கழித்து வந்திருக்கார். அவர் பிந்தி வந்த நாளெல்லாம் பால் குறைந்திருந்தது.

ஊருக்கு முகாம் வந்த கால்நடை டாக்டரம்மாவிடம் நோட்டைக் காட்டினேன். அவங்க விளக்கினது இதுதான். மடியைக் கழுவித் தேய்த்ததும் மாட்டின் உடம்பில் ஒரு சுரப்பு ஊறி, ஒரு நிமிஷத்துக்குள் பால் இறங்க ஆரம்பிக்கும். அந்த வேகம் ஐந்து முதல் ஏழு நிமிஷம்தான் இருக்கும். அதைத் தாண்டினால் பால் மடியிலேயே தங்கிவிடும். முதலில் வருவது தண்ணிப் பால், கடைசியில் வருவதுதான் கொழுப்புப் பால். கடைசிப் பால் தங்கினால் லிட்டரும் குறையும், கொழுப்பும் குறையும். ஆக, தப்பு அவர் கையில் இல்லை, என் கழுவலில் இருந்தது.

நோட்டில் இன்னொன்றும் தெரிந்தது. அவருக்குப் பதில் அவர் பையன் வந்த நாட்களில் ஒரு மாடு மட்டும் கால் உதைத்தது, பாலும் குறைந்தது. போய்ப் பார்த்தால், அவன் கட்டைவிரலை மடக்கி, காம்பை முட்டியால் அழுத்திக் கறக்கிறான். அப்படிக் கறந்தால் காம்புக்குள் புண்ணாகி மடிநோய்க்கு வழி ஆகிவிடும். ஐந்து விரலும் சேர்த்துப் பிடித்து முழுக்கையால் கறக்க அப்பாவே அவனுக்குச் சொல்லிக் கொடுத்தார்.

அந்த அண்ணனிடம் நோட்டைக் காட்டி மன்னிப்புக் கேட்டேன். "முன்னாடியே கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே அம்மிணி" என்றார். அதற்கப்புறம் அவர் வாசலுக்கு வந்த பிறகுதான் மடி கழுவுகிறேன். பால் நிலையாக இருக்கிறது, தவணையும் தவறலை. அவரே எனக்கும் கறக்கக் கற்றுக் கொடுத்தார்.

பெரிய பண்ணைகளிலும் இதே விஷயம்தான். 1930-ல் அமெரிக்காவில் நியூஜெர்சியில் சுற்றும் மேடையில் ஒரே சமயத்தில் 50 மாடுகளை நிறுத்தி மெஷினால் கறந்தாங்க. ஒரு சுற்று சுற்றி வர சுமார் 12 நிமிஷம். இன்றைக்குப் பெரிய கறவைக் கூடங்களில் ஒவ்வொரு மாட்டின் பாலையும் கம்ப்யூட்டர் எழுதுகிறது. எந்த ஷிப்டில் யார் கறந்தாங்க என்பதும் அதில் தெரியும். ஒரு ஷிப்டில் பால் குறைந்தால் முதலில் பார்ப்பது, மடியைத் தொட்டதிலிருந்து ஒன்றிரண்டு நிமிஷத்துக்குள் மெஷினை மாட்டினாங்களா, எல்லா ஆளும் ஒரே மாதிரி செய்யறாங்களா என்பதுதான். லட்சக்கணக்கில் செலவு பண்ணி அவங்க பார்ப்பதை, நாம் ஒரு நோட்டிலும் சுவர்க் கடிகாரத்திலும் பார்க்கலாம்.

பெரியவங்க கைராசி என்று சொன்னது பொய் இல்லை. தினமும் ஒரே நேரம், ஒரே கை, ஒரே பழக்கம், இதைத்தான் அவங்க ராசி என்று சொன்னாங்க. ஆனால் ராசி என்று மட்டும் விட்டுவிட்டால், பால் குறையும்போது பழி ஒரு ஏழை ஆள் மேல் விழுந்துவிடுகிறது. நோட்டு இருந்தால் அந்தப் பழி இல்லை. மாட்டுக் கடன் வாங்கின சகோதரிகள் எல்லாரும் சேமிப்பு நோட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாட்டு நோட்டும் வைக்கணும் என்று கேட்டுக்கொள்கிறேன். கோடு போடத் தெரியாதவங்க நம் கூட்டத்துக்கு வாங்க, நான் போட்டுத் தர்றேன்.