மாநகரக் காவல் ஆணையர் நியமனம்: சட்டம் சொல்வதும் சொல்லாததும்

பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவரும் வழக்கறிஞருமான ஆம்ஸ்ட்ராங் 2024 ஜூலை 5 அன்று சென்னை பெரம்பூரில் வெட்டிக் கொல்லப்பட்டார். மூன்றே நாளில் சென்னைக் காவல் ஆணையர் சந்தீப் ராய் ரத்தோர் மாற்றப்பட்டு, ஏ. அருண் நியமிக்கப்பட்டார். போனவரின் தகுதியோ வந்தவரின் தகுதியோ இங்கு நம் பொருளல்ல. எந்த அளவுகோலின்படி, யார் யாரைப் பரிசீலித்து அம்முடிவு எடுக்கப்பட்டது என்று தலித் மக்கள் முறையாகக் கேட்கத்தக்க மன்றம் ஏதேனும் உண்டா என்பதே நம் கேள்வி. இன்றைய நடைமுறையில் இல்லை.

இப்பதவியின் அதிகாரத்தை நம் தோழர்கள் நன்கறிவர். 1888ஆம் ஆண்டின் சென்னை மாநகரக் காவல் சட்டம் 41ஆம் பிரிவின்படி ஆர்ப்பாட்டத்திற்கும் ஊர்வலத்திற்கும் தடை விதிப்பவர் ஆணையரே. குண்டர் சட்டம் எனப்படும் 1982ஆம் ஆண்டின் 14ஆம் எண் சட்டத்தின்கீழ், விசாரணையின்றி ஓராண்டு வரை ஒருவரைச் சிறையில் வைக்கும் ஆணையில் மாநகரில் கையொப்பமிடுபவரும் அவரே. மாவட்டங்களில் ஆட்சியரும் கண்காணிப்பாளரும் பகிர்ந்துகொள்ளும் அதிகாரம் இங்கே ஒரே மேசையில் குவிகிறது.

இத்தகைய பதவிக்கு ஆள் தேர்வது எப்படி? பிரகாஷ் சிங் வழக்கில் 2006 செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாநிலக் காவல்துறைத் தலைவரான டிஜிபிக்குத் தெளிவான வழி வகுத்தது: யுபிஎஸ்சி மூவர் பட்டியல் தயாரிக்கும், அதிலிருந்தே மாநில அரசு ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், குறைந்தது இரண்டாண்டுப் பதவிக்காலம். மாநகர ஆணையருக்கு அப்படிப்பட்ட பட்டியல் இல்லை. மண்டல ஐஜி, சரக டிஐஜி, மாவட்ட எஸ்பி, நிலைய அதிகாரி 'போன்ற' களப்பணியினருக்கும் இரண்டாண்டு என்றது தீர்ப்பு. அந்தப் 'போன்ற'வுக்குள் ஆணையரும் அடங்குவார் என்று நாம் வாதிடலாம். ஆனால் அவர் பெயர் சொல்லப்படவில்லை. எஞ்சியிருப்பது காவல் பணியமைப்பு வாரியத்தின் பரிந்துரை மட்டுமே. அவ்வாரியத்தில் இருப்பவர்கள் டிஜிபியும் நான்கு உயரதிகாரிகளும், மூடிய அறை.

கதவு திறந்த ஊர் ஒன்றும் உண்டு. அமெரிக்காவின் சிகாகோவில் 2014 அக்டோபரில் லக்குவான் மெக்டொனால்ட் என்ற 17 வயதுக் கறுப்பினச் சிறுவனைக் காவலர் ஒருவர் 16 முறை சுட்டுக் கொன்றார். காணொளி வெளிவரவே 13 மாதங்களாயின. அதன்பின் காவல் தலைவர் நீக்கப்பட்டார். காவல் வாரியம் விண்ணப்பங்களை ஆராய்ந்து மூவரைப் பரிந்துரைத்தது. மேயர் ராம் இமானுவேல் மூவரையும் ஒதுக்கிவிட்டு, விண்ணப்பமே செய்யாத எடி ஜான்சனை 2016இல் நியமித்தார். நகர மன்றமும் விதியை வளைத்துக் கொடுத்தது. பட்டியல் இருந்தும் பயனில்லை என்பதைக் கண்ட மக்கள் அமைப்புகள் பல ஆண்டுகள் போராடின. விளைவாக 2021இல் ஏழு பேர் கொண்ட குடிமக்கள் ஆணையத்துக்கான அவசரச் சட்டமல்ல, நிலையான நகரச் சட்டமே வந்தது. 2023இல் அவ்வாணையம் பொதுக் கூட்டங்களில் மக்கள் கருத்தைக் கேட்டு மூன்று பெயர்களை அளித்தது. மேயர் பிராண்டன் ஜான்சன் அவர்களுள் லாரி ஸ்னெல்லிங்கைத் தேர்ந்தார். சிகாகோ காவல்துறை அதனால் தூயதாகிவிட்டது என்று நாம் சொல்லவில்லை. கேள்வி கேட்க ஓரிடம் கிடைத்தது.

இங்கே புதிய சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995இன் 16ஆம் விதிப்படி முதலமைச்சர் தலைமையிலான மாநில விழிப்பு, கண்காணிப்புக் குழு ஜனவரியிலும் ஜூலையிலும் கூட வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் பிரதிநிதிகள் அதில் உறுப்பினர்கள். ஆணையர் பதவிக்குப் பரிசீலிக்கப்படுவோர் முன்பு பணியாற்றிய இடங்களில் வன்கொடுமைப் புகார்கள் உரிய நேரத்தில் பதிவாயினவா, கடமை தவறிய காவலர்மீது அச்சட்டத்தின் 4ஆம் பிரிவை அவர்கள் பயன்படுத்தினார்களா என்ற விவரங்களை அக்குழுவின் முன் வைக்குமாறு கோரலாம். எஸ்பி, அதற்கு மேற்பட்ட அதிகாரிகளின் நியமனத்தில் பணியமைப்பு வாரியத்தின் பரிந்துரைக்கு அரசு உரிய மதிப்பளித்து, வழக்கமாக அதை ஏற்க வேண்டும் என்பது 2006 தீர்ப்பின் கட்டளை. அப்பரிந்துரையை வெளியிடுமாறு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிப்பது முதற்படி.