நிழலுக்கு எத்தனை பேர்!

நிழற்கடிகாரங்களுக்கு நிழல் விழும் தளத்தை வைத்துதாங்க பேர். தரையில் என்றால் கிடைத்தளக் கடிகாரம், சுவரில் என்றால் செங்குத்துக் கடிகாரம். கும்பகோணம் பக்கம் திருவிசநல்லூர் சிவன் கோயில் மதிலில் இருப்பது இரண்டாவது ரகம். நிழல் தரும் குச்சிக்கு வடமொழியில் சங்கு. கிரேக்கத்தில் 'நோமோன்', அதாவது அறிந்தவன்.

ஜெய்ப்பூரில் 1730களில் இரண்டாம் ஜெய்சிங் கட்டிய 27 மீட்டர் கடிகாரத்தின் தளம் நிலநடுக்கோட்டுக்கு இணையானது. ஆனால் பேரோ 'சாம்ராட் யந்திரம்'. ராஜா கட்டினால் பட்டம்தானே வரும்!

எங்கள் காட்கோபர் மொட்டைமாடியில் ஒரு சங்கு நட்டால், கைக்கடிகாரத்தைவிட சராசரியாக 38 நிமிடம் பிந்திக் காட்டும். 1955 வரை புழங்கிய 'பம்பாய் நேரம்' ஏறக்குறைய அதுவேதான். கும்பகோணத்தில் அம்மா விளக்கேற்றிவிட்டுப் போன் பண்ணும்போது என் ஜன்னலில் இன்னும் வெயில். ஊருக்கும் எனக்கும் நடுவே 26 நிமிட நிழல்!