இரண்டு சூரியோதயங்கள்

மேற்கு ஆஸ்திரேலியாவிலுள்ள பெர்த் நகருக்கும், இலங்கையில் காலிக்குப் பக்கத்திலுள்ள கொக்கலை ஏரிக்கும் நடுவே 3,513 மைல் தூரம். அத்தனையும் சமுத்திரம். இன்றைய ஜெட் விமானத்துக்கு இது ஏழு மணி நேரத்துச் சங்கதி. 1943-ல் இதே தூரம் ஒரு பகலையும் ஓர் இரவையும் விழுங்கிவிட்டு, மறுநாளிலும் கொஞ்சம் கேட்டது.

1942 பிப்ரவரி 15-ந் தேதி சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போயிற்று. சிட்னியிலிருந்து சிங்கப்பூர் வழியாக லண்டனுக்குப் போய்க்கொண்டிருந்த விமானப் பாதை அறுந்தது. யுத்த காலத்தில் ராஜாங்கக் கடிதங்களைக் கப்பலை நம்பி அனுப்பிக் காத்திருக்க முடியுமா? குவாண்டாஸ் கம்பெனி ஐந்து காட்டலீனா கடல் விமானங்களை வாங்கிக்கொண்டு, 1943 ஜூலையில் இந்தச் சமுத்திரத்தை ஒரே தாவாகத் தாண்டத் துணிந்தது.

வேகம் மணிக்குச் சுமார் 125 மைல்தான். முப்பது மணி நேரத்துக்கு வேண்டிய பெட்ரோலை ஏற்றிய பிறகு மிஞ்சிய இடம் மூன்று பிரயாணிகளுக்கும் 69 கிலோ தபாலுக்கும் மட்டும். விமானத்தில் பீரங்கியும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. சத்துரு விமானங்கள் சுற்றும் பகுதியை இருட்டிலே கடக்கும்படி நேரம் வகுத்துப் புறப்படுவார்கள். ரேடியோவில் பேச்சுக் கொடுத்தால் இருக்குமிடம் தெரிந்துவிடும். ஆகவே மௌன விரதம். பாரம் நிறைந்த முதல் சில மணி நேரத்தில் ஓர் எஞ்சின் நின்றால் மற்றொன்றால் தாங்க முடியாது. இதையெல்லாம் தெரிந்துகொண்டே ஒருவர் ஏறி உட்கார்ந்தார் என்றால் அவருடைய நெஞ்சுரத்தை என்னவென்று சொல்வது! குளிரும் இரைச்சலும் தனி.

வழி காட்டியவை நட்சத்திரங்கள். விமானங்களுக்கு வைத்த பெயர்களும் அவைதான்: ஆல்டேர், வீகா, ரைஜெல், அன்டாரிஸ், ஸ்பைகா. நம் பஞ்சாங்கக்காரரைக் கேட்டால் ஆல்டேரைத் திருவோணம் என்பார், அன்டாரிஸைக் கேட்டை என்பார், ஸ்பைகாவைச் சித்திரை என்பார். கேட்டையில் பிரயாணம் புறப்படலாமா என்று நம் பாட்டிமார் யோசித்திருப்பார்கள். அந்த விமானிகளுக்கு அந்தக் கவலை இல்லை. மேகம் மூடாமல் இருந்தால் போதும்.

எதிர்க்காற்று பலமாக இருந்த ஒரு தடவை 32 மணி 9 நிமிஷம் ஆயிற்றாம். வழியில் எங்கும் இறங்காமல் பிரயாணிகளுடன் அத்தனை நேரம் வானத்திலேயே இருந்த விமான சர்வீஸ் வேறு கிடையாது. ஒரே பிரயாணத்தில் சூரியன் இரண்டு முறை உதிப்பதைப் பார்த்தவர்களுக்கு, 'இரட்டைச் சூரியோதய ரகசிய சங்க'த்தில் அங்கத்தினர் என்று ஒரு பத்திரம் கொடுத்தார்கள். வேடிக்கைக்காகச் செய்ததுதான். ஆனாலும் வாங்கியவர்கள் அதைப் பத்திரப்படுத்தியிருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

2018 மார்ச்சில் அதே குவாண்டாஸ், அதே பெர்த்திலிருந்து லண்டனுக்கு நிற்காமல் பறக்கும் சர்வீஸைத் தொடங்கிற்று. சுமார் 9,000 மைல். பதினேழு மணி நேரம். தூரம் இரண்டரை மடங்கு, நேரமோ ஏறக்குறையப் பாதி! அதிலே போகிறவர்கள் கால் மரத்துப்போகிறது என்று குறைப்படுகிறார்கள்; அதுவும் நியாயமான குறைதான்.

1945 ஜூலையில் காட்டலீனா சர்வீஸ் நின்றபோது மொத்தம் 271 தடவை சமுத்திரத்தைத் தாண்டியிருந்தார்கள். ஒரு விமானம்கூட வழியில் தொலையவில்லை. ஆனால் அவை அமெரிக்காவிடம் யுத்த காலக் கடனாகப் பெற்றவை. விலை கொடுக்க வேண்டும், அல்லது திருப்பித் தர வேண்டும், அல்லது அழித்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. யுத்தம் முடிந்ததும் அவற்றை ஆஸ்திரேலியக் கரைக்கப்பால் கொண்டுபோய்க் கடலிலே மூழ்கடித்துவிட்டார்கள்.